மூளை கேட்கும் தமிழ்: செவி, மொழிச் சோதனைகளில் தமிழ் இலக்கணத்தின் இடம்

கருத்துச் சுருக்கம்

கேட்டல், பேச்சு, மொழி ஆகியவற்றை மூளை கையாளும் முறை குறித்த ஆய்வுகள் மருத்துவத் துறைக்கு மட்டும் உரியன என்னும் எண்ணம் தமிழ்த்துறைகளில் நிலவுகிறது. தமிழ் பேசும் ஒருவரின் செவித்திறனையும் மொழித்திறனையும் அளக்கும் சோதனைகளில் எது பிழை, எது மொழியின் இயல்பு என்று தீர்மானிப்பது இலக்கணப் பணி என்றும், அப்பணியைத் தமிழ்த்துறைகள் ஏற்காதவரை அச்சோதனைகள் முழுமை பெறா என்றும் இக்கட்டுரை கருதுகிறது.

திறவுச்சொற்கள்: நரம்பு மொழியியல், மொழியிழப்பு, கேட்பியல், மாற்றொலி, வேற்றுமைத்தொகை, இரட்டை வழக்கு

முன்னுரை

மொழியை மூளை எவ்வாறு கையாளுகிறது என்னும் வினா இன்று நரம்பியல், உளவியல், கேட்பியல், மொழியியல் ஆகிய துறைகள் கூடி ஆராயும் வினாவாக வளர்ந்துள்ளது. இவ்வினாவை எதிர்கொள்ளும்போது தமிழ் ஆய்வாளரிடையே இருவகை மனநிலை காணப்படுகிறது. இஃது மருத்துவர் பணி, தமிழாசிரியர்க்கு இதில் இடமில்லை என்பது ஒன்று. இன்றைய அறிவியல் கண்டவை யாவும் தொல்காப்பியத்திலேயே உள்ளன என்பது மற்றொன்று. இவை ஒன்றற்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் விளைவில் ஒன்றே. முதல் மனநிலையினர்க்குச் செய்யவேண்டிய பணி ஏதும் இல்லை; இரண்டாம் மனநிலையினர்க்கோ எல்லாப் பணியும் முன்னரே முடிந்துவிட்டது.

இவ்விரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. பக்கவாதத்தால் மொழித்திறன் குன்றிய ஒருவரையோ, செவித்திறன் குறைந்து பிறந்த ஒரு குழந்தையையோ சோதிக்கும்போது அவர்களிடம் தரப்படுவது மொழி. அவர்கள் திருப்பித் தருவதும் மொழியே. அவ்விடையைச் சரி என்றோ பிழை என்றோ குறிப்பதற்கு அம்மொழியின் இலக்கணம் தெரிந்திருத்தல் வேண்டும். அவ்விலக்கணத்தைக் கற்பித்தும் ஆராய்ந்தும் வருவோர் இம்முயற்சிக்கு வெளியே நிற்பது பொருந்தாது.

கேட்டல், பேச்சு, மொழி

முதலில் மூன்று சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் நலம். கேட்டல் என்பது ஒலியலைகள் நரம்புத் துடிப்புகளாக மாறி மூளையை அடையும் நிகழ்வு. உட்செவியில் காக்லியா எனப்படும் நத்தைச்சுருளுக்குள் நீண்டு கிடக்கும் அடிச்சவ்வு, உயர்ந்த அதிர்வெண்ணுக்கு அடிப்பகுதியிலும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு உச்சிப்பகுதியிலும் மிகுதியாக அசைகிறது. இதனைக் கண்டறிந்த கியோர்க் வான் பெக்கேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு செவியில் ஏறத்தாழ 3,500 அக மயிரணுக்கள் உள்ளன. அவற்றிலிருந்து எழும் துடிப்புகள் செவிநரம்பின் ஏறத்தாழ 30,000 இழைகள் வழியே மூளைத்தண்டின் பல நிலையங்களைக் கடந்து, தாலமஸ் வழியாகப் பொட்டு மடலின் மேற்பகுதியிலுள்ள செவிப்புறணியை அடைகின்றன.

பேச்சு என்பது மொழியை ஒலியுருவில் வெளிப்படுத்தும் செயல். மொழி என்பது சொற்களும் அவற்றை இயைக்கும் விதிகளும் அடங்கிய அமைப்பு. கேட்டல் குன்றினும் மொழி நிலைபெறக்கூடும். நாவும் இதழும் தளர்ந்து பேச்சு குழறுபவரின் மொழி பழுதின்றி இருக்கக்கூடும். செவியும் நாவும் நன்றாயிருந்தும் மொழி மட்டும் சிதையக்கூடும். காதுகேளாதோரின் சைகை மொழியைப் பற்றிப் பாய்ஸ்னர், கிளிமா, பெல்லூகி ஆகியோர் 1987இல் வெளியிட்ட நூல் இதற்குத் தெளிவான சான்று. மூளையின் இடப்பக்கம் பழுதுற்ற சைகையாளர்க்குக் கைகளை அசைக்கும் ஆற்றல் இருந்தும் சைகை மொழியின் சொல்லும் தொடரும் சிதைந்தன. குரலொலி சிறிதும் இல்லாத மொழியும் மூளையில் மொழியாகவே இடம்பெறுகிறது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே இக்குறைபாட்டைப் ‘பேச்சிழப்பு’ எனத் தமிழில் வழங்குவதைவிட ‘மொழியிழப்பு’ என்பதே பொருத்தமானது. நோயாளியின் குடும்பத்தினர் ‘பேச்சு வரவில்லை’ என்று கூறுவது இயல்பு. கலைச்சொல்லும் அதனையே வழிமொழிந்தால், பேசமுடியாதவர் எழுதிக்காட்டட்டும் என எதிர்பார்க்கும் தவறு நேர்கிறது. மொழியிழப்புற்றவர்க்குப் பெரும்பாலும் எழுத்தும் உடன் சிதைகிறது.

மாறிவந்த மூளைப் படம்

1861இல் பாரிசில் பால் புரோக்கா, ‘டான்’ என்னும் ஓரசையைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் சொல்ல இயலாதிருந்த லெபோர்ன் என்பவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இட முன்மடலின் கீழ்ப்பகுதியில் பழுதைக் கண்டார். 1874இல் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருள் விளங்காது தடுமாறும் நோயாளிகளை ஆராய்ந்து இடப் பொட்டு மடலின் பின்பகுதியைச் சுட்டினார். முன்னது பேசும் இடம், பின்னது புரிந்துகொள்ளும் இடம் என்னும் படம் இவ்வாறு உருவாயிற்று. நம் வகுப்பறைகளில் இன்றும் பெரும்பாலும் இப்படமே வரையப்படுகிறது.

இப்படம் பெரிதும் திருத்தப்பட்டுவிட்டது. பாதுகாக்கப்பட்டிருந்த லெபோர்னின் மூளையை டிரான்கர்ஸ் குழுவினர் காந்த ஒத்ததிர்வுப் படமெடுத்து 2007இல் வெளியிட்டபோது, பழுது புரோக்கா கண்ட மேற்பரப்பைக் கடந்து ஆழத்திலும் பரவியிருந்தது தெரியவந்தது. ஹிக்காக், பாப்பெல் ஆகியோர் முன்வைத்த இருவழிக் கொள்கையின்படி, செவிப்புறணியிலிருந்து கீழ்நோக்கிய வழியொன்று ஒலியைப் பொருளோடு இணைக்கிறது. மேல்நோக்கிய வழியொன்று ஒலியை உச்சரிப்போடு இணைக்கிறது. கேட்டுப் பொருளுணர்தலும் கேட்டதைத் திருப்பிச் சொல்லுதலும் வெவ்வேறு வழிகளைச் சார்ந்தவை என்பதால், ஒன்று கெட்டு மற்றொன்று நிலைத்தல் கூடும். எனவே ஒருவரின் திறனைச் சோதிப்போர் ‘சொன்னதைச் சொல்’, ‘காட்டியதைப் பெயரிடு’, ‘கேட்டதைச் செய்’ எனத் தனித்தனியே சோதிக்கின்றனர். இவ்வொவ்வொன்றிலும் பயன்படுத்தப்படும் தமிழ் எத்தகையது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

தொல்காப்பியர் வகுத்துக்கொண்ட எல்லை

அதற்கு முன் தொல்காப்பியம் பற்றிச் சில சொல்லுதல் வேண்டும். பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாதலைக் கூறுகிறது. இஃது ஒலியுறுப்புகளின் தொழிலைக் கூர்ந்து நோக்கிய விளக்கம். மூளையைப் பற்றிய கூற்று அன்று. அவ்வியலின் இறுதியில் தொல்காப்பியரே தம் எல்லையை வகுத்துக்கொள்கிறார். உள்ளே எழும் காற்றின் அளவு மறையில் கூறப்படுவது என்று ஒதுக்கி, வெளிப்பட்டு ஒலித்துப் பொருள் தெரியும் ஒலியின் அளவையே தாம் கூறுவதாக அமைகிறார். தாம் எதைக் கூறவில்லை என்பதையும் சொல்லிச் செல்லும் ஓர் ஆசிரியரை, அவர் கூறாதவற்றையும் கூறினார் எனப் புகழ்வது அவருக்குப் பெருமை சேர்க்காது.

மாத்திரை பற்றியும் இவ்வாறே. மூளையின் மின்னலைகள் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 வரையிலான துடிப்புகளில் பேச்சின் அசையோட்டத்தைப் பின்தொடர்கின்றன என்பது ஆய்வில் காணப்பட்டது. இதனைக் கொண்டு கண்ணிமைப்பும் கைநொடியும் ஆகிய மாத்திரையளவு மூளையலையே என எழுதுவது ஆய்வாகாது. மாத்திரை என்பது குறிலுக்கும் நெடிலுக்கும் இடையிலுள்ள விகிதத்தை உணர்த்தும் இலக்கண அளவு. அவ்விகிதம் இன்றைய பேச்சில் எவ்வளவு நிலைபெறுகிறது, செவி குன்றியோர் அதனை எவ்வாறு உணர்கின்றனர் என்பன சோதித்து அறியத்தக்க வினாக்கள். தொல்காப்பியம் நமக்குத் தருவது இத்தகைய வினாக்களை. விடைகளை நாமே தேடவேண்டும்.

ககரத்தின் ஒலிகள்

இத்தகைய வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. எனினும் தமிழ் நெடுங்கணக்கு அதற்கு ஓரெழுத்தே வகுத்தது. இடம் நோக்கி மாறும் ஒலிகள் பொருளை வேறுபடுத்தாமையின் அவை ஓர் ஒலியனின் மாற்றொலிகள் என்பது மொழியியல் விளக்கம். மூளையும் அவற்றை ஒன்றாகவே கொள்கிறதா?

கஸனினா, பிலிப்ஸ், இட்சார்டி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மிக அண்மையது. ரஷ்ய மொழியில் ஒலிப்புடை ‘த’வும் ஒலிப்பிலாத் ‘த’வும் பொருள் வேறுபடுத்தும் தனித்தனி ஒலியன்கள். கொரிய மொழியில் ஒலிப்புடை ஒலி உயிர்களுக்கிடையே தோன்றும் மாற்றொலி மட்டுமே. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச்செய்து இடையிடையே மற்றதைப் புகுத்தியபோது, ரஷ்ய மொழியினரின் செவிப்புறணி அம்மாற்றத்திற்கு எதிர்வினை காட்டியது. கொரிய மொழியினரிடம் அவ்வெதிர்வினை காணப்படவில்லை. கேட்போர் கவனம் வேறெங்கோ இருக்கும்போதே, நொடியின் கால்பங்கு கடப்பதற்கு முன்னர், அவர்தம் மொழியின் ஒலியன் அமைப்பு செவியில் தொழிற்படுகிறது என்பது இதனால் தெரியவருகிறது.

தமிழின் நிலை கொரிய மொழியின் நிலையை ஒத்தது எனத் தோன்றும். ஆனால் இன்றைய பேச்சுத்தமிழில் ‘பஸ்’, ‘பேனா’ என்பன போன்ற கடன்சொற்கள் மலிந்துள்ளன. ‘பஸ்’ஸின் முதலொலி ஒலிப்புடையது, ‘பேனா’வின் முதலொலி ஒலிப்பிலாதது. லிஸ்கரும் ஆப்ராம்சனும் 1964இல் 11 மொழிகளின் மொழிமுதல் வெடிப்பொலிகளை அளந்தபோது அவற்றுள் தமிழும் இடம்பெற்றது. அவர்கள் தமிழை மொழிமுதலில் ஒலிப்புடையது, ஒலிப்பிலாதது என்னும் இருவகை வெடிப்பொலி கொண்ட மொழியாகவே வகைப்படுத்தினர். மொழிமுதலில் அவ்வேறுபாடு நிற்பது பெரிதும் கடன்சொற்களால் என்பதை நாம் அறிவோம். ஆய்வகம் கண்ட தமிழ் ஒன்று. இலக்கணம் விளக்கிய தமிழ் வேறொன்று. கடன்சொல் மிகுதியும் வழங்கும் நகரத்து இளைஞரின் மூளையும், அவை அருகி வழங்கும் முதியவரின் மூளையும் இவ்வொலிகளை ஒரே வகையில் கொள்கின்றனவா என்பது விடைகாணத்தக்க வினா. இவ்வினாவை எழுப்ப நரம்பியல் அறிவு மட்டும் போதாது. சொற்பிறப்பும் ஒலியன் வரலாறும் அறிந்தோர் உடனிருத்தல் வேண்டும்.

செவிச் சோதனையில் எத்தமிழ்?

செவித்திறனை அளப்போர் தூய ஒலிகளைக் கேட்பித்து அளப்பதோடு நில்லாமல் சொற்களையும் கேட்பித்துத் திருப்பிச் சொல்லச் செய்கின்றனர். ஆங்கிலத்தில் இதற்கென ஓரசைச் சொற்பட்டியல்களும், ஈரசையும் ஒத்த அழுத்தம் பெறும் சொற்பட்டியல்களும் வகுக்கப்பட்டன. இம்முறையைத் தமிழுக்கு அப்படியே கொணர்ந்தால் இரு தடைகள் எழுகின்றன.

முதலாவது, பேச்சுத்தமிழ் மெய்யீற்று ஓரசைச் சொற்களைப் பெரிதும் விரும்புவதில்லை. கண், கல், பல், முள், பால் என்பன கண்ணு, கல்லு, பல்லு, முள்ளு, பாலு என ஒலிக்கின்றன. எழுத்துவழக்கில் ஓரசையாகத் தோன்றும் சொல் பேச்சில் ஈரசையாகிறது. மரம், அவன், நான் என்பவற்றின் இறுதி மெய் தனித்து ஒலியாது, முன்னுள்ள உயிரின் மூக்கொலியாக நிற்கிறது. எழுத்துவழக்குப் பட்டியலை வாசித்துக் காட்டும்போது, கேட்பவர் நாள்தோறும் செவியுறாத வடிவத்தில் அச்சொற்களைக் கேட்கிறார். பள்ளிக்குச் செல்லாத முதியவர்க்கு இஃது இன்னும் கடினம். அவர் ‘கண்’ என்பதைக் கேட்டுக் ‘கண்ணு’ எனத் திருப்பிச் சொன்னால் அது சரியா, பிழையா? அவர் செவி பழுதற்றது, மொழியும் பழுதற்றது. குறை பட்டியலிடத்தே உள்ளது.

இரண்டாவது, வட்டார வேறுபாடு. ‘பழம்’ என்பதைப் பளம் என ஒலிப்போரும் பயம் என ஒலிப்போரும் உளர். ‘காற்று’ தமிழகத்தின் பெரும்பகுதியில் காத்து என ஒலிக்க, யாழ்ப்பாணத் தமிழில் றகரம் தன் பழைய நுனியண்ண ஒலியைப் பேணுகிறது. ஒருவர் ழகரத்தை ளகரமாகத் திருப்பிச் சொல்வது செவிக்குறையா, வட்டார வழக்கா என்பதை அவர் பிறந்து வளர்ந்த ஊரின் வழக்கை அறிந்தோரே தீர்மானிக்கமுடியும். ஜேனட் வெர்க்கரும் டீசும் 1984இல் காட்டியவாறு, ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் 6 முதல் 8 மாதங்களில் இந்தியின் பல்லொலிக்கும் நாமடி ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்கின்றன; 10 முதல் 12 மாதங்களுக்குள் அவ்வுணர்வு பெரிதும் மங்குகிறது. வீட்டில் கேளாத வேறுபாட்டைச் செவி விட்டுவிடுகிறது. லகர ளகர ழகரங்களை வேறுபடுத்திப் பேசும் வீட்டிலும், ளகர ழகரங்கள் ஒன்றிய வீட்டிலும் வளரும் இரு குழந்தைகளின் செவி ஓராண்டு நிறைவதற்குள்ளேயே வேறுபடும் என எதிர்பார்ப்பதற்கு இடமுண்டு. அவ்விருவரையும் ஒரே பட்டியல் கொண்டு அளப்பது நேரிதன்று.

காக்லியர் கருவி பொருத்தப்பெறும் குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் அவசரமானது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இளங்குழந்தைகளுக்கு இக்கருவி பொருத்தப்படுகிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு மூன்றரை வயதிற்குள் கருவி பொருத்தினால் செவிப்புறணியின் எதிர்வினைக் காலம் இயல்பை எட்டுகிறது என்பதை ஆனு சர்மா குழுவினர் 2002இல் காட்டினர். எனவே பயிற்சிக்குக் கிடைக்கும் காலம் குறுகியது. ஆயிரக்கணக்கான மயிரணுக்கள் செய்த பணியை 20 அளவிலான மின்வாய்கள் செய்யவேண்டியுள்ளது. ஒலியின் காலவேறுபாட்டை இக்கருவி ஓரளவு நன்கு கடத்துகிறது. நுண்ணிய அலைமாலை வேறுபாட்டை அவ்வாறு கடத்துவதில்லை. இதனைத் தமிழுக்குப் பொருத்தினால் ஒரு கருதுகோள் கிடைக்கிறது: படம் – பாடம் போன்ற குறில் நெடில் வேறுபாடும், படம் – பட்டம் போன்ற தனிமெய் இரட்டைமெய் வேறுபாடும் இக்குழந்தைகளுக்கு எளிதில் வாய்க்கலாம், லகர ளகர ழகர வேறுபாடு அரிதாகலாம். இக்கருதுகோள் மெய்யாயின், பயிற்சிச் சொற்களை எவ்வரிசையில் கற்பிப்பது என்பதற்கு எழுத்ததிகாரமே வழிகாட்டும். பொய்யாயின் அதுவும் அறியத்தக்கதே.

மொழியிழப்பும் வேற்றுமைத்தொகையும்

மொழியிழப்புச் சோதனையில் இலக்கணத்தின் தேவை இன்னும் வெளிப்படையானது. புரோக்கா வகை மொழியிழப்பில் ஆங்கிலம் பேசுவோர் இலக்கண உருபுகளை விட்டுவிடுகின்றனர். எபிரேய மொழியிலோ வேர் தனித்து ஒலிக்கும் இயல்புடையதன்று. எனவே அம்மொழியினர் உருபை விடுவதில்லை, ஒன்றற்குப் பதில் பிறிதொன்றை இடுகின்றனர் என யோசெப் கிராட்சின்ஸ்கி 1984இல் எடுத்துக்காட்டினார். மூளையின் பழுது ஒன்றாயினும் மொழியின் கட்டமைப்பிற்கேற்ப அதன் வெளிப்பாடு மாறுகிறது. லீஸ் மென்னும் லொரெய்ன் ஆப்லரும் 1990இல் 14 மொழிகளிலிருந்து இத்தகைய நோயாளிகளின் பேச்சைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றுள் இந்தி உண்டு. திராவிட மொழி ஒன்றுமில்லை.

தமிழ் இங்கு எவ்வாறு நடக்கும்? ‘வா’, ‘போ’ எனத் தமிழ் வினையடி ஏவலாகத் தனித்து நிற்கும். ஆதலின் உருபை விடுதல் இயலும். ‘நேற்று அவன் வா’ என்பது விடுதல். ‘நேற்று அவன் வருவான்’ என்பது மாற்றி இடுதல். இவ்விரண்டில் எது மிகுதி என்பதைத் தமிழ்த் தரவு கொண்டே அறியவேண்டும். ‘வந்து’ என நோயாளி நிறுத்தினால் அது முற்றை இழந்த எச்சமா, அல்லது அன்றாடப் பேச்சில் தயக்கத்தை நிரப்ப யாவரும் கூறும் ‘வந்து’வா? பெயரிலும் வினா எழுகிறது. ‘மரத்தை’ என்பதில் உருபு மட்டும் மறைந்தால் ‘மரத்து’ எஞ்சவேண்டும். உருபும் சாரியையும் ஒருங்கே மறைந்தால் ‘மரம்’ எஞ்சும். சாரியை என்பது உருபைச் சார்ந்து வருவதா, பெயரின் திரிந்த வடிவைச் சார்ந்ததா என இலக்கண ஆய்வாளர் காலங்காலமாக வினவி வந்ததற்கு நோயாளியின் பேச்சு ஒரு சான்றாகக்கூடும்.

இவற்றினும் முதன்மையானது வேற்றுமைத்தொகை. ‘மரம் வெட்டினான்’ என்பது பழுதற்ற தமிழ். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்றல் இலக்கணம் ஏற்ற ஒன்று. உருபு காணப்படாத இடமெல்லாம் ‘விடுபாடு’ எனக் குறிக்கும் அயல்மொழி வழிச் சோதனை, இயல்பான தமிழையே நோயெனக் கணக்கிடும். அதேவேளையில் ‘கண்ணனைப் பார்த்தான்’ எனச் சொல்லக் கருதியவர் ‘கண்ணன் பார்த்தான்’ எனச் சொன்னால் செயப்படுபொருள் எழுவாயாக மாறிவிடுகிறது. இஃது உண்மையான இழப்பு. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது திணை பற்றிய அறிவு. எழுவாய் இன்றி ‘வந்தான்’ என ஒரு சொல் கூறுபவரின் தொடர் குறையுடையது அன்று. ‘வந்துகொண்டிருந்தான்’ என்னும் ஒரு சொல்லை ஒன்றெனவே எண்ணும் சோதனை, அதற்குள் அடங்கிய கட்டமைப்பைக் காணத் தவறுகிறது.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வகைப்படுத்திய 21 குறைபாடுகளுள் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று. அதன் விளக்கத்தில் மொழியிழப்பு பெயர்சுட்டிக் கூறப்படுகிறது. ஒருவர்க்குச் சான்று வழங்குவதும் மறுப்பதும், பயிற்சியைத் தொடர்வதும் நிறுத்துவதும் சோதனையின் மதிப்பெண்ணைச் சார்ந்தவை. தேறியவரைத் தேறாதவர் எனக் குறிப்பது அவர் பணிக்குத் திரும்புவதைத் தடுக்கும். தேறாதவரைத் தேறியவர் எனக் குறிப்பது அவர்க்குரிய பயிற்சியைப் பறிக்கும்.

எழுத்துவழக்கே பொது என்னும் வாதம்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பேச்சு ஊருக்கு ஊர் வேறுபடுவது. ஆகவே சோதனைக்கு எழுத்துவழக்கையே பொதுவாகக் கொள்ளவேண்டும் என்பது அது. இம்மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. வட்டாரந்தோறும் ஒரு சோதனை வகுப்பது எளிதன்று; வாசித்தலையும் எழுதுதலையும் சோதிக்க எழுத்துவழக்கே ஏற்றது. ஆனால் பொதுமை என்பது அனைவர்க்கும் சமமான அயன்மையாக இருத்தலாகாது. சார்லஸ் பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு, தமிழ்க் குழந்தை மடியில் கற்பது ஒன்று, பள்ளியில் கற்பது வேறொன்று என்பதை நமக்கு உணர்த்துகிறது. இதனை ஒத்த நிலையிலுள்ள அரபு மொழி பற்றி இப்ராகிமும் அஹரோன்-பெரெட்சும் 2005இல் ஆராய்ந்து, தாய்மொழியாளரிடத்தும் எழுத்துவழக்கு அரபுச் சொற்கள் இரண்டாம் மொழிச் சொற்களைப் போலச் செயற்படுகின்றன என்னும் முடிவுக்கு வந்தனர். தமிழிலும் அவ்வாறே என்று இதனால் துணிதல் இயலாது. ஆயினும் எழுத்துவழக்கில் மட்டும் சோதிக்கப்பெறும் தமிழர், தம் முதல் மொழியில் சோதிக்கப்பெறுகிறாரா என்னும் ஐயம் நீங்கும்வரை, அதன் மதிப்பெண்ணை முழுமையாக ஏற்றல் கூடாது.

பேச்சுவழக்கைச் சோதனையில் சேர்ப்பது எழுத்துவழக்கைத் தாழ்த்துவதாகாது. கற்றவர் ஒருவர்க்கு மொழியிழப்பால் எழுத்துவழக்கு மட்டும் சிதைந்து பேச்சு நிலைத்திருக்கலாம். மற்றொருவர்க்கு மறுதலையாக நிகழலாம். இரண்டையும் தனித்தனியே சோதித்தால்தான் இது தெரியவரும்.

செய்யத்தக்கவை

தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள் அரியன அல்ல. முதலாவது, வட்டாரப் பேச்சின் ஒலிப்பதிவுத் தொகுப்பு. வட்டார வழக்கு ஆய்வுகளை நம் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகச் செய்துள்ளன, கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார். அவ்வாய்வேடுகளில் உறங்கும் தரவை, ஒலி நிகழ்வெண் கணக்கிடத்தக்க வடிவில் வெளிக்கொணர வேண்டும். செவிச் சோதனைப் பட்டியல் பேச்சின் ஒலி விகிதத்தை ஒத்திருத்தல் வேண்டும். அச்சு நூல்களின் விகிதத்தை அன்று.

இரண்டாவது, மதிப்பிடும் கையேடு. தொகைநிலை, எழுவாய் தொக்குநிற்றல், உகரம் பெறுதல், ழகர ளகர மயக்கம் ஆகியவற்றுள் எவை இயல்பு, எவை பிழை என்பதைச் சோதிப்போர் உடன் நோக்கி அறியத்தக்க சிறு கையேடாக வகுக்கலாம். ஒரு முனைவர் பட்ட ஆய்வின் பயனாக இஃது அமைதல் கூடும்.

மூன்றாவது, கூட்டு நெறியாள்கை. மைசூரில் 1965இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு கேட்பியல் நிறுவனமும், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் மானசகங்கோத்திரியில் அருகருகே உள்ளன. மொழியறிவும் மருத்துவ அறிவும் அருகிருந்தால் மட்டும் போதாது. ஒரே ஆய்வேட்டில் இரு துறையினரும் நெறியாளராக இடம்பெறும் விதிமுறையைப் பல்கலைக்கழகங்கள் வகுத்தல் வேண்டும். நோயாளியிடம் தரவு பெறுவதற்குரிய அறநெறி ஒப்புதல் முறையைத் தமிழ் ஆய்வாளர் கற்பதும் இதனுள் அடங்கும்.

நான்காவது, பாடத்திட்டம். எழுத்ததிகாரம் கற்பிக்கும் வகுப்பில் ஒலி அலைவரைவை ஒருமுறையேனும் மாணவர் காணல் வேண்டும். தொல்காப்பியர் ரகரத்தையும் ழகரத்தையும் ஓரிடத்துப் பிறப்பனவாக வைத்ததை மனனம் செய்த மாணவர், அவ்விரண்டின் அலைவரைவைத் தாமே பதிவு செய்து ஒப்பிட்டால், நூற்பாவும் தெளிவாகும், அதன் எல்லையும் தெளிவாகும்.

நிறைவுரை

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் வழி வகைப்படுத்தும்போது செவியறிவை ஐந்தாவதாகவும் மனத்தை ஆறாவதாகவும் வைக்கிறது. திருவள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். கேட்டலை இவ்வளவு உயர்த்திய மரபினர், கேளாத குழந்தைக்கும் சொல்லிழந்த முதியவர்க்கும் தரப்படும் தமிழ் எது என்று கேட்காதிருத்தல் முறையன்று. மூளையை ஆராய்தல் நரம்பியலார் பணியாகவே இருக்கட்டும். ‘மரம் வெட்டினான்’ என்று சொன்ன நோயாளியின் தாளில் பிழைக்குறி இடப்படுமானால், அதனை நீக்கும் பொறுப்பு இலக்கணம் கற்ற நம்முடையது. அதற்கான முதல் கையேட்டை எத்துறை ஆக்கினும் அது தமிழாய்வுக்கு உரிய பணியே ஆகும்.